கடல் என்று எதனைச் சொல்வது?

அரபு மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலாண்டிலேயே மனனம் செய்துவிடும் சொற்களுள் ஒன்று 'பஹ்ர்'. அதற்கு எதிரே 'கடல்' என்று பொருள் எழுதிக்கொண்டு அவர் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறார். ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஓதும்போதுதான் அந்தச் சொல் அவரை நிறுத்துகிறது. அங்கே 12ஆம் வசனத்தில் இரண்டு 'பஹ்ர்'கள் ஒப்பிடப்படுகின்றன. ஒன்றின் நீர் பருகுவதற்கு இனியது; மற்றொன்றின் நீர் உப்புக் கரிப்பது. இனிய நீரையுடைய கடலும் உண்டோ என்று மாணவர் வினவுகிறார்.

இந்த வினாவுக்கு அகராதியில் ஒரு விடை கிடைக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் ஒரு விடையும், புவியியலில் ஒரு விடையும், சர்வதேசச் சட்டத்தில் ஒரு விடையும் கிடைக்கின்றன. நான்கும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அவை ஏன் வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். திருவசனங்களை அன்றன்று வெளிவரும் அறிவியல் செய்திகளோடு பொருத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. ஒரு சொல்லின் எல்லை எதுவென அறிவதே நோக்கம்.

சொல்லின் விரிவு

'ப-ஹ-ர' என்னும் வேர்ச்சொல்லுக்குப் பிளத்தல், அகலுதல் என்னும் பொருள்கள் உண்டு. எனவே பரந்து விரிந்த எதுவும் 'பஹ்ர்' எனப்படலாயிற்று. நில்லாது ஓடும் குதிரையை அரபியர் 'பஹ்ர்' என்றனர். அறிவின் பரப்பைக் கருதி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் அப்பெயர் வழங்கிற்று. யாப்பிலக்கணத்தில் கவிதையின் சந்தங்களும் 'புஹூர்' என்றே குறிக்கப்படுகின்றன. நீரைப் பொறுத்தவரை, உப்பாயினும் இனியதாயினும் மிகுந்த நீர் 'பஹ்ர்' ஆகும்; வழக்கில் உப்புநீருக்கே அது பெரிதும் ஆளப்படுகிறது என்று மொழியறிஞர்கள் விளக்குகின்றனர்.

ஆகவே எகிப்தியர் நைல் நதியை இன்றும் 'பஹ்ர்' என்பதில் வியப்பில்லை. ஃபய்யூம் பகுதிக்கு நீர் கொண்டுசெல்லும் பழைய கால்வாய்க்கும் 'பஹ்ர் யூஸுஃப்' என்பதே பெயர். வெள்ளை நைலுக்கு 'அல்-பஹ்ருல் அப்யள்' என ஒரு பெயர் உண்டு. மத்தியதரைக் கடலுக்கும் அதே பெயர் உண்டு. ஆறும் கடலும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு இல்லாமலில்லை. ஐதராபாத்தில் குதுப் ஷாஹி ஆட்சிக் காலத்தில் வெட்டப்பட்ட ஏரியின் பெயர் ஹுசைன் சாகர். 'சாகரம்' என்றால் கடல்.

சிறிய நீர்ப்பரப்பைக் குறிக்க அரபியர் அதே வேரிலிருந்து 'புஹைரா' என்னும் சொல்லைப் பெற்றனர். இது 'தஸ்கீர்' எனப்படும் சிறுமைப்பொருள் வடிவம். நாம் ஏரி என்று மொழிபெயர்க்கும் சொல் அதுவே. இங்கும் மொழிக்கு மொழி தீர்ப்பு மாறுகிறது. ஐரோப்பியர் 'கலிலேயக் கடல்' என்று அழைப்பதை அரபியர் 'புஹைரத்து தபரிய்யா' என்று ஏரியாகவே கொண்டனர். ரஷ்யர் 'ஆரல் கடல்' என்றதை அரபுப் புவியியலாளர்கள் 'புஹைரத்து குவாரிஸ்ம்' என்றனர். ஆனால் அதற்கு மேற்கேயுள்ள காஸ்பியனை அவர்கள் 'பஹ்ருல் கஸர்' என்று கடலாக்கினர். இரண்டுமே நான்கு புறமும் நிலம் சூழ்ந்தவை.

சட்ட அறிஞர்களின் அளவுகோல்

ஃபிக்ஹு அறிஞர்களுக்கு இச்சொல்லின் எல்லை வெறும் மொழி ஆராய்ச்சியாக இருக்கவில்லை. நடைமுறைத் தேவையாக இருந்தது. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரையில் வேட்டையாடுதல் விலக்கப்பட்டுள்ளது. 'பஹ்ர்' வேட்டை அனுமதிக்கப்பட்டுள்ளது. இது அல்-மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தரும் சட்டம். அப்படியானால் ஆற்றில் மீன் பிடிப்பவரின் நிலை என்ன? குளத்தில் வலை வீசுபவரின் நிலை என்ன?

ஆறும் ஏரியும் குளமும் இவ்வசனத்தின் 'பஹ்ர்' என்பதில் அடங்கும் என்றே சட்ட அறிஞர்கள் விடையளித்தனர். உண்ணத் தகுந்தவை எவை என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீகள் மீனோடு நிறுத்திக்கொள்வர். ஷாஃபிஈகள் இன்னும் விரிவாகக் கொள்வர். ஆயினும் ஆற்று மீன் தரை வேட்டையன்று என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. அவர்கள் பார்த்தது நீரின் உப்பையோ பரப்பையோ அன்று. அவ்வுயிர் நீரில் வாழ்கிறதா என்பதையே பார்த்தனர்.

இதிலிருந்து ஒரு முறைமை தெளிவாகிறது. சட்டம் எந்த நோக்கத்திற்காக ஒரு சொல்லை ஆள்கிறதோ, அந்த நோக்கமே அச்சொல்லின் எல்லையை வரைகிறது. உஸூல் அறிஞர்கள் இதனோடு மற்றொரு விதியையும் கூறுவர். ஒரு சொல்லுக்கு மார்க்கமும் மொழியும் திட்டவட்டமான எல்லை வகுக்காதபோது, மக்களின் 'உர்ஃப்', அதாவது நிலைபெற்ற வழக்கு, அதன் எல்லையைத் தீர்மானிக்கும். கடலைப் பற்றி மேலே கூறவிருக்கும் செய்திகளுக்கு இவ்விரண்டு விதிகளும் திறவுகோலாக அமையும்.

பண்டைப் புவியியலாளர்கள் கண்டது

ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டினரான அல்-யஅகூபீ, சீனாவுக்குச் செல்வோர் ஏழு கடல்களைக் கடக்கவேண்டும் என்று எழுதினார். பாரசீகக் கடல் முதலாவது. அதையடுத்து லார்வீ கடலும், நம் கிழக்குக் கரையைத் தொடும் ஹர்கந்த் கடலும் வருகின்றன. ஒவ்வொரு கடலுக்கும் தனி நிறமும் தனி மணமும் தனி மீனும் தனிக் காற்றும் உண்டு என்பது அவர் கூற்று. நீர் இடையறாது தொடர்ந்து கிடந்தாலும், இயல்பு மாறும் இடத்தில் கடலும் மாறிவிடுகிறது. இது மாலுமிகளின் அளவுகோல்.

அடுத்த நூற்றாண்டில் 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்னும் நூலை இயற்றிய அல்-முகத்தஸீ இதற்கு எதிர்த்திசையில் சென்றார். இஸ்லாமிய உலகில் இரண்டே கடல்கள் உள்ளன, ஒன்று கிழக்கிலிருந்து வருவது, மற்றொன்று மேற்கிலிருந்து வருவது என்றார். நீர் தொடர்ந்திருக்கும்வரை அது ஒரே கடல். ஒருநாள் ஏடன் கரையில் கடலை நோக்கி அமர்ந்திருந்தபோது, அனுபவம் மிக்க வணிகர் ஒருவரிடம் கடலின் வடிவத்தை அவர் கேட்டார். அவ்வணிகர் உள்ளங்கையால் மணலைச் சமன்செய்து, அதன் மீது கடலின் வளைவுகளையும் குடாக்களையும் வரைந்து காட்டினார். நூல்களில் கண்ட பல படங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டமையால் அவர் மாலுமிகளையும் வணிகரையும் தேடிச் சென்று வினவினார் என்பது கருதத்தக்கது.

காஸ்பியன் இவர்களுக்கு ஒரு புதிராகவே இருந்தது. அது வடபெருங்கடலின் ஒரு குடா என்று கிரேக்கருள் பலர் நம்பினர். ஹெரோடோட்டஸ் மட்டும் மிக முன்னரே அது தனித்த கடல் என்று எழுதியிருந்தார். கருங்கடலோடு அதற்குத் தொடர்பு உண்டு என்ற கருத்து பின்னரும் நீடித்தது. அல்-இஸ்தக்ரீ அதனை மறுத்தார். ஒருவர் அதன் கரையோரமாகவே நடந்தால், அதில் வந்து விழும் ஆறு தடுத்தாலன்றி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடலாம் என்று அவர் விளக்கினார்.

ஹிஜ்ரி 345இல் (கி.பி. 956) மறைந்த அல்-மஸ்ஊதீ இன்னும் வலுவான சான்றைத் தந்தார். ஹிஜ்ரி 300க்குப் பின் ரூஸ் இனத்தார் பெரும் கப்பற்படையுடன் காஸ்பியன் கரைகளைச் சூறையாடினர். அவர்கள் கருங்கடல் பக்கமிருந்து வந்தவர்கள். காஸ்பியனை அடைய அவர்கள் கஸர் மன்னரிடம் அனுமதி பெற்று, அவர் நாட்டின் வழியே ஓடும் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. இரு கடல்களும் இணைந்திருந்தால் அவர்கள் நேரே வந்திருப்பார்கள் அல்லவா என்பது மஸ்ஊதீயின் வாதம். இன்றைய வரைபடம் அவர் கூற்றை உறுதிப்படுத்துகிறது. ஆயினும், தொடர்பற்ற நீர்ப்பரப்பு என்று நிறுவிய பின்னரும் அவர் அதனைக் 'கடல்' என்றே அழைத்தார். வழக்கு அவ்வாறிருந்தது.

ஒத்த பரப்பு, வேறுபட்ட இயல்பு

இனித் தற்கால அறிவியலுக்கு வருவோம். உலகின் பெருங்கடற்பரப்பு ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். அதன் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. கடல் என்பது பெருங்கடலின் ஒரு பகுதி, நிலத்தால் ஓரளவு சூழப்பட்டது, உப்புநீர் கொண்டது. பாடநூல்கள் தரும் இலக்கணம் இவ்வளவே. இதனைச் சோதிக்க, ஏறத்தாழ ஒத்த பரப்புடைய நான்கு நீர்ப்பரப்புகளை எடுத்துக்கொள்வோம். பால்டிக், காஸ்பியன், கருங்கடல், செங்கடல் ஆகிய நான்கும் சுமார் 3,70,000 முதல் 4,50,000 சதுர கிலோமீட்டருக்குள் அடங்குபவை.

பால்டிக் கடலில் ஆறுகளின் நன்னீர் மிகுதி. அதன் மேற்பரப்பில் ஒரு கிலோ நீருக்கு 7 அல்லது 8 கிராம் உப்பே உள்ளது. சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர். காஸ்பியனில் உப்பு சுமார் 13 கிராம். தெற்கே அதன் ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டுகிறது. கருங்கடலின் மேற்பரப்பில் உப்பு சுமார் 18 கிராம். ஆழம் 2,200 மீட்டர் வரை செல்கிறது. ஆனால் 200 மீட்டருக்குக் கீழே அங்கு உயிர்வளி இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த அந்நீரில் மீன் வாழ இயலாது. செங்கடலில் வற்றாத ஆறு ஒன்றும் கலப்பதில்லை. வெயில் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. எனவே அங்கு உப்பு 40 கிராம் அளவை எட்டுகிறது. பாபுல் மன்தப் நீரிணை வழியே இந்தியப் பெருங்கடல் நீர் வந்து அந்த இழப்பை ஈடுசெய்கிறது.

இவ்வரிசையை நோக்கினால் ஒன்று புலப்படும். காஸ்பியன் பால்டிக்கைவிட உப்பு மிக்கது. பால்டிக் கடல்தானா என்று எவரும் ஐயுறுவதில்லை. காஸ்பியனைப் பற்றியே ஐயம் எழுகிறது. ஆகவே உப்பு முடிவான அளவுகோல் ஆகாது. சாக்கடல் ஒரு கிலோவுக்குச் சுமார் 340 கிராம் உப்புக் கொண்டிருந்தும் புவியியலாளர் அதனை ஏரி என்றே கொள்வர்.

பெருங்கடலோடு தொடர்பு இருப்பதுதான் அளவுகோலா? துருக்கியின் மர்மராக் கடல் சுமார் 11,350 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, இரு நீரிணைகளால் வெளிக்கடல்களோடு இணைந்தது, அது கடல். வெனிசுவேலாவின் மரக்காய்போ அதைவிடப் பெரியது, அதுவும் வெளிக்கடலோடு இணைந்தது, அது ஏரி. நிலம் சூழ்ந்திருத்தல் தேவையா? அட்லாண்டிக்கின் நடுவே உள்ள சர்காசோ கடலுக்குக் கரையே இல்லை. நான்கு நீரோட்டங்களே அதன் எல்லை. பரப்பு பெரிதாக இருந்தால் போதுமா? வங்காள விரிகுடா கருங்கடலைப் போல் பன்மடங்கு பெரியது. ஆயினும் பெயரளவில் குடா. உப்பும் தொடர்பும் கரையும் பரப்பும் தனித்தனியே தோற்றுவிடுகின்றன. எஞ்சுவது உஸூல் அறிஞர்கள் கூறிய 'உர்ஃப்' ஒன்றே.

கோடு வரைபவர் யார்?

இந்த வழக்கை எழுத்தில் வடிக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் தொடங்கிற்று. 1921இல் மொனாக்கோவில் சர்வதேச நீர்ப்பரப்பு அளவை நிறுவனம் அமைக்கப்பட்டது. கப்பலோட்டிகளின் தேவைக்காக அது 1928இல் கடல்களின் எல்லைகளைக் கூறும் சிறு நூலை வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 1953இல் வந்தது. அதன்படி வங்காள விரிகுடாவின் தெற்கெல்லையின் ஒரு பகுதியாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள ஆதம் பாலம் குறிக்கப்பட்டது. அக்கோட்டின்படி, தெற்கே மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள கீழக்கரையும் காயல்பட்டினமும் வங்காள விரிகுடாவின் கரையில் சேரா. அங்குள்ள மீனவருக்கு அக்கோட்டைப் பற்றிய கவலை இல்லை; நீர் அவருக்கு ஒன்றே.

கப்பலோட்டிகளுக்காக வரைந்த கோடு அரசுகளின் கைக்கு வந்ததும் வேறு பொருள் பெற்றது. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள கடலை 'ஜப்பான் கடல்' என்பதா, 'கிழக்குக் கடல்' என்பதா என்ற பிணக்கால் நான்காம் பதிப்பு நிறைவேறாமலே போயிற்று. இறுதியில் 2020இல், பெயர்களுக்குப் பதில் எண்களைக் கொண்டு கடற்பகுதிகளைக் குறிக்கும் புதிய முறைக்கு உறுப்பு நாடுகள் உடன்பட்டன. ஈரானுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையிலுள்ள வளைகுடாவின் பெயர்ப் பிணக்கும் இத்தகையதே. ஈரானியர் அதனைப் பாரசீக வளைகுடா என்கின்றனர். அரபு நாடுகள் அரபு வளைகுடா என்கின்றன. அக்கால அரபுப் புவியியலாளர்களோ அதனைப் 'பஹ்ரு ஃபாரிஸ்', பாரசீகக் கடல் என்று தயக்கமின்றி எழுதினர்.

காஸ்பியன்: பெயரில் அடங்கிய செல்வம்

பெயரில் மட்டும் நின்றிருந்தால் இது புலவர் வழக்காக முடிந்திருக்கும். காஸ்பியனில் அது செல்வத்தின் வழக்காயிற்று. அதன் கரையிலுள்ள பாகூவில் வெண்ணிற நஃப்தா எண்ணெய் கிடைப்பதை மஸ்ஊதீயே குறிப்பிட்டுள்ளார். சோவியத் ஆட்சிக் காலத்தில் அதன் கரையில் இரண்டே நாடுகள் இருந்தன. 1921, 1940 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் சோவியத்தும் ஈரானும் அதனைத் தமக்குரியதாக வைத்துக்கொண்டன. கரையை ஒட்டிய 10 கடல் மைல் அந்தந்த நாட்டின் மீன்பிடி எல்லை. எஞ்சிய நீர் இருவருக்கும் பொது. நீரடியிலுள்ள எண்ணெயைப் பங்கிடுவது பற்றி அவ்வொப்பந்தங்கள் பேசவில்லை.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இரண்டு நாடுகள் இருந்த கரையில் ரஷ்யா, ஈரான், அஸர்பைஜான், கஸகஸ்தான், துருக்மெனிஸ்தான் என ஐந்து நாடுகள் நின்றன. அப்போதுதான் 'கடலா, ஏரியா' என்ற பழைய வினா புதிய வேகத்துடன் எழுந்தது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கடல்களுக்கே உரியது. அதன்படி கரையிலிருந்து 12 கடல் மைல் நாட்டின் ஆட்சி எல்லை. 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை. காஸ்பியன் கடலாயின், அதன் நடுவே கோடு வரைந்து கரையின் நீளத்திற்கேற்பப் பிரிக்க வேண்டிவரும். நீண்ட கரையுடைய கஸகஸ்தானுக்கு அது ஆதாயம். குறுகிய தென்கரையுடைய ஈரானுக்கு இழப்பு. ஏரியாயின் கரை நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்கலாம், பொதுவாகவே வைத்துக்கொள்ளலாம். சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு கிடைக்கும். ஈரான் இதனையே வற்புறுத்திற்று. புவியியல் வினாவுக்கு ஒவ்வொரு நாடும் தன் பங்கை அளந்த பின்னரே விடை கூறிற்று.

பேச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2018 ஆகஸ்டு 12இல் கஸகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. கரையிலிருந்து 15 கடல் மைல் நாட்டின் ஆட்சி எல்லை. அடுத்த 10 கடல் மைல் மீன்பிடி எல்லை. அதற்கப்பால் நீர் பொது. அடித்தளம் மட்டும் அண்டை நாடுகள் தமக்குள் பேசிப் பிரிக்க வேண்டியது. வெளிநாட்டுப் படைகளுக்கு இடமில்லை. பெயரில் அது கடல். ஆயினும் கடற்சட்டத்தின் அளவுகள் அதற்கு இல்லை. ஏரியைப் போல் முழுவதும் பங்கிடப்படவும் இல்லை. தனக்கெனத் தனிச்சட்டம் பெற்ற நீர் அது. அவ்வுயிர் நீரில் வாழ்கிறதா என்று மட்டும் கேட்ட நம் சட்ட அறிஞர்கள் கையாண்ட முறையும் இதுவே: பெயருக்குள் விடையைத் தேடாமல், எந்தத் தேவைக்கு எந்த எல்லை என்று பிரித்துப் பார்த்தல். வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. அங்கே நோக்கம் ஓர் அடியாரின் வழிபாடு. இங்கே நோக்கம் அரசுகளின் எண்ணெய்.

பெயரும் நீரும்

அரபியர் 'புஹைரா' என்றும் ரஷ்யர் 'கடல்' என்றும் அழைத்த ஆரலை மீண்டும் நினைவுகூர்வோம். 1960 அளவில் அது சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. நம் நூல்கள் ஜைஹூன், ஸைஹூன் என்று குறிக்கும் அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளே அதற்கு உயிர். பருத்தி வயல்களுக்காகச் சோவியத் ஆட்சி அவ்விரு ஆறுகளின் நீரையும் திருப்பிற்று. 1987 அளவில் ஆரல் இரண்டாகப் பிரிந்தது. 2014இல் அதன் கிழக்குப் படுகை முற்றிலும் வறண்டது. துறைமுகமாக இருந்த முய்னாக் நகரில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வடக்கே 2005இல் கட்டி முடித்த அணையால் ஒரு சிறு பகுதி மட்டும் மீண்டது. மீனும் அங்கே திரும்பிற்று.

காஸ்பியனும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து தாழ்ந்து வருகிறது. அதற்கு வரும் ஆற்றுநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வோல்கா ஒன்றே தருகிறது. அந்த வரத்து குறைவதும், வெப்பம் மிகுந்து ஆவியாதல் கூடுவதும் காரணங்கள். அதன் வடபகுதியின் சராசரி ஆழம் ஐந்தாறு மீட்டரே. ஆகவே ஒரு மீட்டர் தாழ்ந்தாலும் கரை பல கிலோமீட்டர் பின்வாங்கும். பெருங்கடலோடு தொடர்பு இருந்தால் அது ஈடுசெய்யும். செங்கடலுக்கு அவ்வாறே ஈடாகிறது. தொடர்பற்ற நீருக்கு அதன் ஆறுகளே கதி. தொடர்பு உண்டா இல்லையா என்று மஸ்ஊதீ எழுப்பிய வினா, எந்தப் பெயர் சூட்டினும் மறையாத வினா என்பது இங்கே விளங்குகிறது. கரையிலிருந்து 15 கடல் மைல் என்று உடன்படிக்கை எழுதிவிடலாம். கரையே நகர்ந்தால் அக்கோடும் நகர நேரும்.

எனவே மாணவரின் வினாவுக்கு நாம் தரும் விடை இது. மொழி வழக்கில் இனிய நீரும் 'பஹ்ர்' ஆகலாம். வேட்டைச் சட்டத்தில் குளமும் அதனுள் அடங்கும். நாடுகளின் வழக்கில் எது கடல் என்பதை உர்ஃபும் ஒப்பந்தமும் முடிவுசெய்கின்றன. உர்ஃபை ஏற்கும் சட்ட அறிஞர்கள் அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்துள்ளனர்: தீங்கையும் அநீதியையும் நிலைநாட்டும் வழக்கு செல்லாது. பங்கு பிரிப்போர் தத்தம் அளவுக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொண்டாலும், அந்நீரை நம்பி வாழும் மீனுக்கும் மீனவருக்கும் அதில் நீர் இருக்கவேண்டும் என்பதே முதல் எல்லை. ஆரலின் கரையில் அந்த எல்லை மீறப்பட்டது. காஸ்பியனின் கரையில் அதனைக் காக்க இன்னும் காலம் இருக்கிறது.